எலியல்லாத முள்ளெலியும் பன்றியல்லாத முள்ளம்பன்றியும்

வாசகர்களே, உங்கள் பள்ளி நூலகத்தில் உள்ள ஆங்கில-தமிழ் அகராதிகள் சிலவற்றை எடுத்து 'ஹெட்ஜ்ஹாக்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒன்றில் 'முள்ளெலி' என்று இருக்கும். இன்னொன்றில் 'முள்ளம்பன்றி' என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்று ஒதுங்கிவிடும் நூலும் உண்டு. பிறகு 'போர்க்குபைன்' என்ற சொல்லைப் பாருங்கள். அங்கேயும் முள்ளம்பன்றியே நிற்கும். விலங்குகள் இரண்டு, பெயர் ஒன்று! அறிவியல் கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புக் கதைகளிலும் இதே குழப்பம் தொடர்கிறது. இது சிறு பிழைதானே என்று விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதலில் விலங்குகளைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டு முள்ளம்பன்றி பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய விலங்கு. கிழங்கு, வேர், மரப்பட்டை ஆகியவற்றைத் தின்னும். அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது கொறிக்கும் விலங்குகளின் வரிசையைச் சேர்ந்தது. எலியும் அணிலும் அதே வரிசைதான்.

முள்ளெலியோ ஏறத்தாழ ஒரு சாண் நீளமே உள்ள சிற்றுயிர். இரவில் வெளியே வந்து வண்டு, கரையான் போன்றவற்றைத் தின்னும். பகைவரைக் கண்டால் உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும். முதுகுத் தோலின் ஓரத்தில் உள்ள வளையத் தசை, சுருக்குப்பையின் கயிறுபோல இழுத்து மூட, முகமும் காலும் உள்ளே மறைந்துவிடும். தமிழ்நாட்டில் வாழும் இனத்தை 1851-ஆம் ஆண்டில் ஹார்ஸ்பீல்டு என்ற அமெரிக்க அறிஞர் விவரித்தார். இதன் விலங்கியல் பெயர் 'பாராஎக்கைனஸ் நூடிவென்ட்ரிஸ்'. சென்னை முள்ளெலி என்றும் இதனைச் சொல்வர். இதன் நெருங்கிய உறவினர் எலி அல்ல. நம் வீட்டு மூலைகளில் ஓடும் மூஞ்சூறு!

வேடிக்கையைக் கவனித்தீர்களா? எலி என்று பெயர் பெற்றது எலியின் இனம் அல்ல. பன்றி என்று பெயர் பெற்றதே எலிக்கு உறவு. பன்றிக்கும் இந்த இரண்டுக்கும் எந்த நெருக்கமும் இல்லை.

இப்போது காவிரிப் படுகைக்கு வருவோம். குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் தஞ்சைத் தரணியில் எலி என்றால் பகை. வரப்பைக் குடைந்து வளை அமைத்து, முற்றிய கதிர்களை வெட்டி உள்ளே சேர்த்து வைக்கும் எலிகளால் உழவர்கள் படும் பாடு கொஞ்சமன்று. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் எலிப்பொறிக்குத் 'தஞ்சாவூர்க் கிட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கிட்டி போதாதென்று நச்சு உணவும் வைக்கிறார்கள். இத்தகைய ஊரில் ஓர் உயிருக்கு 'எலி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதைப் பார்ப்பவரின் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூச்சி தின்னும் மூஞ்சூறு எலியென்று எண்ணப்பட்டு அடிபடுவதை நாம் அறிவோம்.

நீர் நிற்கும் நன்செய் முள்ளெலிக்கு ஏற்ற இடமன்று. வறண்ட முட்புதர்க் காடுகள், தரிசுகள், மேய்ச்சல் நிலங்கள் ஆகியவையே அதன் வீடு. தென் மாவட்டங்களின் தேரி நிலத்திலும் கொங்கு நாட்டிலும் உள்ளவர்கள் அதைக் கண்டு, முள்ளெலி என்று பிழையின்றிச் சொல்வார்கள். டெல்டா மாணவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. அவருக்கு முள்ளெலி என்பது பெரும்பாலும் புத்தகத்தில் வரும் ஒரு சொல் மட்டுமே. விலங்கை நேரில் பார்த்தவர் தவறான பெயரைத் திருத்திக்கொள்வார். சொல்லை மட்டும் கற்றவர் எதைக் கொண்டு திருத்துவார்?

"இரண்டு பெயருமே விலங்கியலுக்கு ஒவ்வாதவை என்று நீரே சொல்கிறீர்; பிறகு எதை எழுதினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பெயர் வகைப்பாட்டைச் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. ஆங்கிலச் சொல்லும் 'வேலிப்பன்றி' என்றே பொருள்படும். 'போர்க்குபைன்' என்பதும் 'முட்பன்றி' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பெயரிடம் நாம் கேட்பது ஒன்றே: ஒரு பெயர் ஓர் உயிரை மட்டும் சுட்ட வேண்டும். முள்ளெலி, முள்ளம்பன்றி என்ற இரு பெயர்களும் இந்த வேலையைச் செவ்வையாகச் செய்துவந்தன. குழப்பியது மொழிபெயர்ப்பாளரின் அவசரம்.

குழப்பம் மேலை நாட்டிலும் உண்டு. குளிருக்கு ஒன்றையொன்று நெருங்கி, முள் குத்தியதும் விலகும் விலங்குகளின் உவமையை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவர் 1851-இல் எழுதினார். அவர் சொன்னது முள்ளம்பன்றியை. ஆங்கிலத்தில் அதுவே முள்ளெலியின் இக்கட்டு என்று பரவிவிட்டது. கடலில் வாழும் 'சீ அர்ச்சின்' என்ற உயிரின் பெயரிலும் முள்ளெலி இருக்கிறது. 'அர்ச்சின்' என்பது முள்ளெலிக்குப் பழைய ஆங்கிலப் பெயர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்க 24 குண்டுகளை ஒருசேர வீசிய பிரிட்டிஷ் ஆயுதத்திற்கும் இதே பெயர்தான்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மரபியலில் உள்ள பொருள். 1980-இல் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-போல்ஹார்டு, எரிக் வீஷாஸ் இருவரும் பழ ஈயின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். ஒரு மரபணு பழுதானால் ஈயின் புழு குட்டையாகி, உடலெங்கும் சிறு முட்கள் அடர்ந்து காணப்பட்டது. அதனால் அந்த மரபணுவுக்கு 'ஹெட்ஜ்ஹாக்' என்று பெயரிட்டார்கள். 1995-இல் இவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். 1993-இல் முதுகெலும்பிகளிலும் இத்தகைய மரபணுக்கள் கண்டறியப்பட்டன. ஒன்றுக்குப் பாலைவன முள்ளெலியின் பெயர். ஒன்றுக்கு இந்திய முள்ளெலியின் பெயர். மற்றொன்றுக்கு 'சோனிக்' என்ற வீடியோ விளையாட்டுப் பாத்திரத்தின் பெயர்!

உங்கள் கைகால் எலும்புகள் நீண்டு வளர்வதை ஒழுங்குபடுத்துவதில் 'இந்திய முள்ளெலி' மரபணுவுக்குப் பங்கு உண்டு. விரல்கள் வரிசையாக அமைவதற்கும் முகம் இருபுறமும் செம்மையாக உருவாவதற்கும் 'சோனிக்' தேவை. இந்தச் செய்திப் பாதை வேண்டாத இடத்தில் ஓயாமல் இயங்கினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் தோன்றும். அதைத் தடுக்கும் மருந்து 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இத்தகைய மரபணுவை 'முள்ளம்பன்றி மரபணு' என்று தமிழில் எழுதினால், படிக்கும் மாணவர் ஆங்கில நூலில் அதைத் தேடும்போது திசை தவறிப் போவார். என் கருத்து இது: மரபணுவின் பெயரை ஒலிபெயர்த்து 'ஹெட்ஜ்ஹாக்' என்றே எழுதுங்கள்; அதன் காரணத்தை விளக்கும்போது 'முள்ளெலி' என்று சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பத்தோடு இன்னொரு தீங்கும் சேர்ந்திருக்கிறது. முள்ளெலியின் முள்ளைக் கக்குவான் இருமலுக்கு மருந்தாகக் கருதி அதைக் கொல்லும் வழக்கம் சில ஊர்களில் பதிவாகியுள்ளது. அந்த முள் என்பது மாறுபட்ட மயிரே. நம் நகமும் தலைமயிரும் ஆன அதே கெராட்டின் புரதம்தான். கக்குவான் நுண்ணுயிரால் வரும் நோய். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல வேண்டிய துண்டறிக்கையில் முள்ளம்பன்றி என்று அச்சாகிவிட்டால், காப்பாற்ற வேண்டிய உயிர் எது என்பதே ஊராருக்குப் புரியாமல் போகும்.

அகராதிப் பணி டெல்டாவுக்குப் புதிதன்று. 1779-இல் சென்னையில் வெளிவந்த பப்ரிசியஸ் அகராதியின் திருத்திய பதிப்புகள் தரங்கம்பாடியில் அச்சாயின. நான்காம் பதிப்பு 1972-இல் வந்தது. 1981-இல் தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. இந்த மண்ணின் மாணவர்களிடம் சொல்லில் கவனம் வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

ஆகவே வாசகர்களே, நூலில் ஹெட்ஜ்ஹாக்கிற்கு முள்ளம்பன்றி என்று கண்டால் பதிப்பாளருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள். பூச்சி தின்பது, பந்தாய்ச் சுருள்வது, கையளவானது முள்ளெலி. கிழங்கு தின்பது, நீண்ட முள்ளைச் சிலிர்ப்பது, பத்துக் கிலோவுக்கு மேற்பட்டது முள்ளம்பன்றி. அட்டையில் எழுத இவ்வளவு போதும்.