அறநூற் பேராசிரியரும் வினைக்கொள்கையும்

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் அறநூலுக்குமென ஸ்பால்டிங் பெயரால் நிறுவப்பெற்ற இருக்கையில் 1936-ஆம் ஆண்டு முதன்முதல் அமர்ந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் ஆவர். முருகப்பெருமான் எழுந்தருளிய திருத்தணியில் 1888-இற் பிறந்த அவர், 1962 முதல் 1967 வரை பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தமை யாவரும் அறிந்தது. அப்பதவிச் சிறப்புக்கள் ஈண்டு ஆராயப்படுவன அல்ல. இளமை தொட்டு அவர் உள்ளத்தை விடாது பற்றிநின்ற அறநூல் வினாவுக்கு அவர் இறுத்த விடை சைவர்க்கு அமைவுடையதாமா என்பதே ஈண்டைக்கு வேண்டுவது.

அவ்வினா பிறந்த இடம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஆண்டுத் தத்துவநூல் கற்பித்த ஏ. ஜி. ஹாக் என்பார், வினைக்கொள்கை நீதிமன்றத் தீர்ப்பே போல அவரவர் செய்ததற்கு அளந்து பயன் தருவதாகலின், அதன்கண் மீட்புக்கு இடமின்று என்னுங் கருத்தினர். உலகம் மாயையெனின் அதன்கண் நிகழும் அறமும் மறமும் மெய்யாதல் யாங்ஙனம் என்பது அக்காலத்துப் பாதிரிமார் பலரும் எழுப்பிய தடை. மாணவராயிருந்த இராதாகிருஷ்ணன் 1908-இல் முதுகலைத் தேர்வுக்கென வேதாந்தத்தின் அறநெறி பற்றி எழுதிய ஆராய்ச்சியுரை இத்தடைகளை நீக்கவே எழுந்தது. சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின் மைசூரிலும் கல்கத்தாவிலும் ஆசிரியராயிருந்த காலமெல்லாம் அவ்விடையே விரிந்து வந்தது. இந்திய நாட்டுச் சிந்தனை உலகை மறுப்பது என்ற ஆல்பர்ட் சுவைட்சருக்கு 1939-இல் வெளிவந்த நூலில் அவர் கூறிய மறுப்பும் அதன் தொடர்ச்சியே. அச்சுவைட்சரே திருக்குறளின் அறத்தைப் பெரிதும் வியந்தவர் என்பது கருதற்பாலது.

மாயையென்பது இன்மையன்று, பிரமத்தைச் சார்ந்துநிற்குந் தன்மையே என்று பொருளுரைத்து அறத்திற்கு நிலைக்களன் தேடினர் இராதாகிருஷ்ணன். இது நெடுவழி. மாயை உள்பொருளென்றும், உடலுங் கருவியும் உலகும் நுகர்பொருளும் உயிரின் மலப்பிணி தீர்தற்பொருட்டு இறைவனாற் கூட்டப்படுவன என்றுங் கொண்ட சித்தாந்தத்தில் அத்தடை தோன்றுதற்கே இடமில்லை. 1927-இல் வெளிவந்த அவர்தம் இந்திய தத்துவ நூலின் இரண்டாம் பகுதியிற் சங்கரர் கொள்கைக்கு 200-க்கு மேற்பட்ட பக்கங்கள் உள. சைவமோ சாக்தத்தோடும் பிற்கால வைணவத்தோடும் ஓரதிகாரத்துள் அடங்கிச் சில பக்கங்களே பெற்றது. திருத்தணியிற் பிறந்தார்க்கு இஃது அழகன்று.

இனி வினை. சீட்டாடுவோன் கைக்கு வந்த சீட்டுக்கள் அவன் தெரிந்தெடுத்தன அல்ல. ஆயினும் அவற்றைக்கொண்டு ஆடும் முறை அவனதே என்னும் உவமையால் ஊழையும் முயற்சியையும் ஒருங்கு நிறுவினர் அவர். முயற்சியைப் பற்றிய அளவில் உவமை நன்று. சீட்டைப் பகிர்ந்தவன் யாவன் என்பதே சித்தாந்தி வினாவுவது. வினைநியதி இறைவன் திருவுள்ளத்தின் வடிவென்றும் அவர் கூறுவர். அஃது அணுக வருவதேயன்றி முற்ற வருவதன்று. திருப்பூரிற் பனியன் தைக்குந் தொழிலாளி ஒருவன் வாரமெல்லாம் தைத்த உருப்படிகள் சனிக்கிழமையிற் றாமே கூலியாகி அவன் கையை அடைவதில்லை. சடமாகிய வேலை செய்தானையும் அறியாது, பயனையும் அறியாது. எண்ணிக் கணக்கறிந்து கொடுப்பான் ஒருவன் வேண்டும். கொடுப்பானுக்கோ விதியளவு மட்டுமன்றி உள்ளமும் உண்டு. மருத்துவன் சில நோயை அறுத்தும் சில நோயை இன்சுவை மருந்தூட்டியுந் தீர்ப்பான் என்னுஞ் சிவஞானசித்தியார் உவமையின் கருத்தும் இதுவே.

அத்திருப்பூருக்கு அணித்தாயுள்ள அவிநாசியில் நிகழ்ந்ததனை நோக்குக. ஐயாண்டுப் பாலர் இருவர் குளத்தில் ஆடப் புகுந்தனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. ஆண்டுகள் சில கழிந்தபின் அவ்வழிப் போந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், பிழைத்தவன் மனையில் உபநயன மங்கல ஒலியும் எதிர்மனையில் அழுகையொலியும் ஒருங்கு கேட்டனர். எதிரெதிர் மனைகளுக்கு வெவ்வேறு சீட்டு வந்தது என்று கூறி அவர் அகன்றாரல்லர். காரணம் வினவினர். மகனை இழந்த பெற்றோரோ தம் துயரை மறைத்து, சுவாமிகளைக் காணப்பெற்ற மகிழ்ச்சியால் முகமலர்ந்து தொழுதனர். அவ்வன்பு கண்டே அவர் குளக்கரை சென்று பதிகம் பாட, முதலை வாய்ப்பட்ட பாலன் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் மீண்டனன். இதனால் நியதி பொய்யாயிற்றெனக் கொள்ளற்க. அதனை உடையான் ஒருவன் உளன் என்பதே பெறப்படும். பிறர் துயர் கண்டவிடத்து அவரவர் வினையென்று முகந்திருப்பிச் செல்வோர் சைவருள்ளும் உளர்; அவர்க்கும் ஹாக் எழுப்பிய தடைக்கும் இவ்வரலாறு ஒருங்கே விடையாகும். அறத்தின்பொருட்டு மேனாட்டாரோடு முப்பதாண்டு வழக்காடிய பேராசிரியர் நூல்களில் இவ்விடை இடம்பெற்றிலது.