கேவியர் பிழைத்தது, மீன்?

இங்கா சாஃப்ரனின் ‘கேவியர்’ 2002-இல் வந்த புத்தகம். இப்போ படிப்பதில் ஒரு வசதி இருக்கு. துணைத்தலைப்பில் அவர் ‘நிச்சயமற்ற எதிர்காலம்’ என்கிறார். அந்த எதிர்காலத்தில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம், சரிபார்த்துவிடலாம்.

கேவியர் என்பது ஸ்டர்ஜன் மீனின் உப்பிட்ட முட்டை. சோவியத் உடைந்தபிறகு காஸ்பியன் கடலில் நடந்த திருட்டு மீன்பிடியை, மாஸ்கோவில் நிருபராக இருந்த சாஃப்ரன் நன்றாகவே எழுதுகிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது அமெரிக்கப் பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டெலவேர் ஆற்று ஸ்டர்ஜனைச் சில பத்தாண்டுகளிலேயே காலி பண்ணிவிட்டார்கள். காஸ்பியனில் நடந்தது ஏற்கனவே ஒருமுறை ஓடிய படம்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. கேவியரின் எதிர்காலமும் மீனின் எதிர்காலமும் ஒரே கேள்வி மாதிரி மனதில் நின்றுவிடுகிறது. இருபது வருஷத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன.

இன்று சட்டப்படி விற்கும் கேவியரில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. உற்பத்தியில் சீனா முதலிடம். அங்கே பெயர்பெற்ற பண்ணை இருப்பது செஜியாங் மாகாணத்தின் ஆயிரம் தீவு ஏரியில். மீன் பக்கம் பார்த்தால், 2022-இல் ஐயுசிஎன் வெளியிட்ட மதிப்பீட்டில் மிச்சமுள்ள 26 இனங்களும் அழியும் அபாயத்தில் இருக்கின்றன. அதே சீனாவின் யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் அற்றுப்போய்விட்டது.

முட்டையிட ஸ்டர்ஜன் ஆற்றில் மேலே ஏறிப் போகணும். வோல்கா, டான்யூப், யாங்சி மூன்றிலும் அணை குறுக்கே நிற்கிறது. ஆயிரம் தீவு ஏரியே ஓர் அணையின் நீர்த்தேக்கம்தான். பண்ணை மீனுக்கு அது போதும், காட்டு மீனுக்கு ஆறு வேணும்.

சரி, திருட்டாவது நின்றதா? டப்பாவின் சைட்டிஸ் லேபிளில் இனம், மூலம், நாடு, வருஷம் எல்லாம் குறியீடாக இருக்கும். ‘டபிள்யூ’ என்றால் காட்டு மீன், ‘சி’ என்றால் வளர்ப்பு. என் தொழில் பாஷையில் இது வேலிடேஷன் இல்லாத டெக்ஸ்ட் ஃபீல்டு. உள்ளே இருப்பது அதுதானா என்று லேபிளுக்குத் தெரியாது. 2023-இல் வந்த ஆய்வு ஒன்றில், பல்கேரியா, ருமேனியா, செர்பியா, உக்ரைனில் எடுத்த 149 மாதிரிகளை மரபணுவும் ஐசோடோப்பும் வைத்துச் சோதித்தார்கள். பாதி சட்டவிரோதம். 21 சதவீதம் காட்டு மீன். பண்ணைக்காரர் பெண் மீனுக்கு வருஷக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருக்கணும். திருடுகிறவனுக்கு அந்தச் செலவு இல்லை.

புத்தகத்தின் வரலாற்றுப் பகுதியை அவசியம் படியுங்கள். ‘நீடித்த கேவியர்’ என்று யாராவது விற்றால், நீடிப்பது எது என்று மட்டும் கேளுங்கள். இதுவரை நீடித்திருப்பது வியாபாரம்தான்.