வெளியீட்டுக் குறிப்பின் மொழி: பெர்ல் நிரல்மொழியின் மாற்றப் பதிவுகள்

பெர்ல் என்னும் நிரல்மொழியின் முதற்பதிப்பு 1987 டிசம்பரில் வெளிவந்தது. அதனை உருவாக்கிய லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லாத மொழியொன்றுக்கு எழுத்துமுறை வகுத்துத் தரும் நோக்குடன் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மனைவியுடன் அத்துறையிற் பயின்று, உடல்நலக் காரணங்களால் அப்பணியை மேற்கொள்ள இயலாமற் கணிப்பொறித் துறையில் நிலைத்தவர். ஒருமை பன்மை வேறுபாட்டைப் பெயரின் முன் நிற்கும் குறியே உணர்த்துதல், ஒரே சொல் தான் வரும் சூழலுக்கேற்ப வேறு பயன் தருதல் முதலிய பெர்லின் இயல்புகளில் அப்பயிற்சியின் சுவட்டைக் காணலாம். அவை பலரும் பேசியவை. இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறொன்று: அம்மொழியைப் பேணிவரும் சமூகம் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் மனிதர்க்காக எழுதும் உரைநடை.

இவ்வுரைநடை இருவகைப்படும். ஒன்று, மொழியின் மையப் பதிப்புடன் வரும் 'பெர்ல்டெல்டா' என்னும் ஆவணம். டெல்டா என்பது கணிதத்தில் வேறுபாட்டைக் குறிக்கும் கிரேக்க எழுத்து. முந்திய பதிப்புக்கும் இப்பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதால் இப்பெயர். மற்றொன்று, 1995இல் தொடங்கப்பெற்ற சீபான் என்னும் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்படும் நிரல் நூலகங்கள் ஒவ்வொன்றும் தம்முடன் கொண்டுவரும் மாற்றப் பட்டியல். இன்று அக்களஞ்சியத்தில் உள்ள மாட்யூல்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றை ஆக்கியோர் பல நாட்டினர். எழுத்துநடையும் அத்துணை வேறுபாடுடையது. முன்னது பலர் கூடி எழுதும் அரசாணை போன்றது. பின்னது தனியாள் குறிப்பேடு போன்றது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போதுதான் மையப் பதிவின் நிறையும் குறையும் தெளிவாகின்றன.

பதிப்பெண்ணே இவ்வுரையின் முதற் குறி. நடுவில் நிற்கும் எண் இரட்டைப்படையாயின் நிலைத்த பதிப்பு. ஒற்றைப்படையாயின் வளர்ச்சிநிலைப் பதிப்பு. 5.41 என்பது இன்னும் உறுதி செய்யப்படாத கூற்று, 5.42 என்பது உறுதிக் கூற்று. வினைமுற்றின் விகுதி செய்யும் வேலையை இங்கு ஓர் எண் செய்கிறது.

பெர்ல்டெல்டாவின் பகுதிகள் ஏறக்குறைய மாறாதவை: மேம்பாடுகள், பாதுகாப்பு, முன்னைப் பதிப்போடு ஒவ்வாத மாற்றங்கள், விலக்கறிவிப்புகள், மாட்யூல்களின் புதுப்பிப்பு, எச்சரிக்கைச் செய்திகளில் மாற்றம், திருத்தப்பட்ட பிழைகள், நன்றியுரை. சமூகத்தில் ஒருவர் மறைந்திருப்பின் இரங்கற் குறிப்பும் இடம்பெறும். நன்றியுரையின் வாய்பாடு சிறப்பாக நோக்கத்தக்கது. முந்திய பதிப்பிலிருந்து எவ்வளவு காலம், ஏறத்தாழ எத்தனை வரிகள், எத்தனை கோப்புகள், எத்தனை பேர் என்னும் நான்கு அளவுகள் வரும். தொடர்ந்து, பெர்ல் தன் வாழ்வின் இத்தனையாவது பத்தாண்டிலும் செழிக்கின்றது என்னும் வாக்கியம் வரும். அண்மைப் பதிப்புகளில் 'மூன்றாவது' என்பது 'நான்காவது' ஆயிற்று. பிற சொற்கள் அப்படியே உள்ளன. சோழர் மெய்க்கீர்த்தியைப் படித்தவர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. ஒரே தொடர் ஆண்டுதோறும் பொறிக்கப்பட்டு, புதிய வெற்றி மட்டும் உரிய இடத்திற் செருகப்படும். மெய்க்கீர்த்தியைப் போலவே இதுவும் செய்தி கூறுவதற்கன்று, தொடர்ச்சியை நிறுவுவதற்கு.

இனி, இப்பதிவுகள் உண்மையிற் சோதனைக்குள்ளாகும் இடத்துக்கு வருவோம். 2007 டிசம்பரில் வெளிவந்த 5.10 பதிப்பு, இரட்டை அலைக்கோட்டாற் குறிக்கப்படும் 'ஸ்மார்ட்மேட்ச்' என்னும் ஒப்பீட்டுக் குறியை அறிமுகப்படுத்திற்று. இரு பொருள்களை இதன் இருபுறமும் வைத்தால், அவற்றின் வகைக்கேற்ப எவ்வாறு ஒப்பிடுவது என்பதைக் குறியே முடிவு செய்யும். அம்முடிவுக்குரிய விதிகள் ஒரு நீண்ட அட்டவணையாக விரிந்தன. 2009இல் வந்த 5.10.1 பதிப்பிலேயே அவை மாறின. இடவலம் மாற்றினாலும் பயன் மாறாது என்னும் முந்திய விதி கைவிடப்பட்டது. 2013இல் 5.18 பதிப்பு இக்குறியைச் 'சோதனைநிலையிலுள்ளது' என அறிவித்தது. 2023இல் 5.38 பதிப்பு இதனை விலக்கலுக்குரியது என்றும், 5.42இல் நீக்கப்படும் என்றும் கூறிற்று. 5.41 வளர்ச்சிநிலை வரிசையில் அது நீக்கவும் பட்டது. பின்னர் அவ்வரிசை முடியுமுன்னரே மீட்கப்பட்டு, 2025 ஜூலையில் வந்த 5.42 பதிப்பில் எச்சரிக்கையின்றி நிலைபெற்றது.

இவ்வரலாற்றில் மொழியியலார் நோக்கவேண்டிய இடம் 2013. ஐந்தாண்டுக்கு மேலாக நிலைத்த பதிப்புகளில் வழங்கிய ஒன்றைச் சோதனைநிலையிலுள்ளது என்பது விவரணைக் கூற்றாயின் பொய். அறிவிப்புச் செயலாயின் மெய்யும் பொய்யும் அதற்குப் பொருந்தா. ஜே. எல். ஆஸ்டின் வகுத்த செயற்கூற்று இதுவே. ஆயினும் ஆஸ்டினின் எடுத்துக்காட்டுகளில் கப்பலுக்குப் பெயரிடுவது பெயரிட்ட கணத்திலிருந்தே செல்லும். இங்கோ பெயரீடு பின்னோக்கிப் பாய்கிறது. 2008இல் இக்குறியை நம்பி நிரல் எழுதியவர், தாம் சோதனைப் பொருளைக் கையாண்டவர் என 2013இல் அறிகிறார். அவர்க்கு அளிக்கப்பட்டிருந்த உறுதிமொழி, உறுதிமொழியே அன்று என ஆக்கப்படுகிறது. 'முன்னர் நிலைத்தது என்றோம். இனி அவ்வாறு கொள்ளற்க' என்று எழுதியிருப்பின் நேர்மையான வாக்கியமாயிருக்கும். அடைமொழி ஒன்றை மாற்றியதன் மூலம் அவ்வாக்கியம் தவிர்க்கப்பட்டது.

இவ்வறிவிப்பு ஏட்டளவில் நிற்பதுமன்று. 5.18 முதல் 5.42க்கு முன்வரை இக்குறியைக் கொண்ட நிரலை இயக்குந்தோறும் எச்சரிக்கை எழுந்தது. அதனை நிறுத்த வேண்டுமாயின், சோதனைநிலை ஸ்மார்ட்மேட்ச் பற்றிய எச்சரிக்கை வேண்டா என்று நிரலாளர் தம் கைப்பட எழுதவேண்டியிருந்தது. நிரலாக்க நோக்கில் இஃது ஒரு கட்டளை. உரையாடல் நோக்கிற் பார்த்தால், அறிவிப்புக்கு எதிருரையாகப் பயனரிடம் பெறப்படும் ஒப்புகைக் கையொப்பம். இத்தகைய ஒப்புகை வரிகள் எத்தனையோ நிரல்களில் இன்றும் கிடக்கின்றன.

மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவது விலக்கறிவிப்பைக் குறிக்கும் சொல். 'டெப்ரிகேட்' என்னும் ஆங்கிலச் சொல், வேண்டுதலால் ஒன்றை அகற்றுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் இதனை 'வழக்கொழிந்தது' என்றோ 'கைவிடப்பட்டது' என்றோ பெயர்த்தால் இரண்டும் இறந்தகாலம். நடவாததை நடந்ததாகக் கூறுபவை. விலக்கறிவிப்புப் பெற்ற உறுப்பு அப்பதிப்பில் முழுமையாக இயங்கும் என்பதே அதன் முதல் இலக்கணம். 'வழக்கொழிந்தது' எனப் படிக்கும் நிர்வாகி, இயங்கும் நிரலை இயங்காதது எனக் கருதி இரவோடிரவாக மாற்றக்கூடும். அல்லது மறுநாளும் அது இயங்கக் கண்டு குறிப்பையே நம்பாது விடக்கூடும். 'தவிர்க்கத்தக்கது' என்பது காலத்தில் தவறாது; ஆயின் நீக்கப்போகிறோம் என்னும் முன்னறிவிப்பை இழக்கிறது. நம் இலக்கணத்தில் வியங்கோள் என்னும் வகை உண்டு. வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய நான்கும் ஒரே வினைவடிவிற் பொருந்தும். இலத்தீன் மூலம் வேண்டலை உணர்த்துகிறது. நிரலாளர் சமூகம் அதனை விதித்தலாக வழங்குகிறது. எரிச்சலுற்ற பயனர் செவியில் அது வைதலாகவே விழுகிறது. ஆதலின் 'தவிர்க' என்னும் வியங்கோளும், அதனையடுத்து நீக்கப்படவிருக்கும் பதிப்பெண்ணும் சேர்ந்து நிற்பதே தக்க பெயர்ப்பு எனக் கருதுகிறேன். ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடுவது கலைச்சொல்லாக்கத்தில் நாம் விடவேண்டிய பழக்கங்களுள் ஒன்று.

எச்சரிக்கைச் செய்திகளின் தொகுப்பில் பெர்ல் இத்தகைய நுட்பத்தைப் பேணியே வந்துள்ளது. விருப்பத்துக்குரிய எச்சரிக்கை, விலக்கறிவிப்பு, கடும் எச்சரிக்கை, இயக்கத்தை நிறுத்தும் பிழை, உள்ளமைப்புக் குலைவு என ஒவ்வொரு செய்திக்கும் தரம் குறிக்கும் எழுத்தொன்று உண்டு. பெர்லுக்கே உரியதல்லாத, வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு 'அயலது' என்றொரு வகையும் வைத்திருக்கிறார்கள். ஒரு கூற்றின் வலிமையை அளவிட்டுக் காட்டும் இத்தொகுப்பை எழுதிய சமூகமே விலக்கறிவிப்பில் தடுமாறியது வியப்பு.

பெர்ல்டெல்டாவின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. மீட்பைப் பற்றிய பகுதிகள், விவாதத்துக்குப் பின் நீக்கம் தள்ளிவைக்கப்பட்டது, உறுப்பு மீட்கப்பட்டது என்னும் போக்கில் அமைந்தவை. விவாதித்தவர் யார், முடிவெடுத்தவர் யார், எக்காரணம் வென்றது என்பன இல. செயப்பாட்டுவினை எழுவாயை விழுங்கிவிட்டது. நன்றியுரைக்குச் சென்றால் உழைத்தவர் பெயரெல்லாம் அகரவரிசையில் உள்ளன. அவற்றுள் எதனையும் எச்செயலோடும் இணைக்க வழியில்லை. செயல்கள் ஓரிடத்திற் செய்வோரின்றி நிற்கின்றன. செய்வோர் ஓரிடத்திற் செயலின்றி நிற்கின்றனர். தனிமனிதக் குரல் ஒலிக்கும் இடம் ஒன்றேயொன்று: வெளியீட்டை நடத்துபவர் அறிவிப்பின் தலையிலே தாம் விரும்பும் இலக்கியப் பகுதியொன்றைப் பொறிப்பது மரபு. இனிய மரபுதான், ஆயினும் அங்குப் பேசுபவரும் வேறொரு நூலாசிரியரே. நன்னூலார் பாயிரத்துக்குரியனவாகத் தொகுத்துச் சொன்னவற்றுள் ஆக்கியோன் பெயரும் உண்டு, காரணமும் உண்டு. முன்னது இங்குச் செயலினின்று பிரிந்து நிற்கிறது. பின்னது மெலிந்து கிடக்கிறது.

இதற்கு மறுமொழி கூறுவோர், கூட்டு முடிவுக்குத் தனியாள் பெயர் பொருந்தாது என்பர். 2020இல் தனித்தலைவர் முறை நீங்கி மூவர் குழு பொறுப்பேற்றபின் இவ்வாதம் ஓரளவு வலுப்பெற்றதும் உண்மை. ஆனால் குழு என்பதும் எழுவாயாகத் தகும் பெயர்தான்.

சீபான் நூலகங்களின் மாற்றப் பட்டியல்களில் இக்குறை அரிது. பதிப்பெண், நாள், அதன்கீழ்ச் சிறு தொடர்கள்; பிழையைக் காட்டியவர் பெயர் அத்தொடரின் இறுதியில் அடைப்புக்குள். சொற்சிக்கனம் சில வேளை மௌனமாகிவிடுவதுண்டு. 'சில திருத்தங்கள்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாத பதிவுகள் படிப்பவரை ஏளனம் செய்பவை. எனினும் நல்ல பதிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டலாம். உலக நாடுகளின் நேர மண்டலங்களைப் பெர்லுக்குத் தரும் டேட்டைம் டைம்ஸோன் என்னும் நூலகம், ஏதேனும் ஒரு நாடு தன் கடிகாரத்தை மாற்றுந்தோறும் புதிதாக வெளியிடப்படுகிறது. வடகொரியா 2015இல் அரைமணி நேரம் பின்சென்று 2018இல் மீண்டது; துருக்கி 2016இல் கோடைநேரத்தையே நிலைநேரமாக்கிற்று. இத்தகைய அரசு முடிவுகள் இங்கு ஓரிரு வரிகளாக முடியும்: நேரத் தரவுத்தளத்தின் எப்பதிப்பைத் தழுவியது, எந்நாட்டின் நிகழ்கால மாற்றத்தைக் கொண்டது. 'நிகழ்கால', 'வரலாற்று' என்னும் இரு அடைகளே படிப்பவர் இன்றே புதுப்பிக்க வேண்டுமா, பொறுக்கலாமா என்பதை முடிவு செய்கின்றன. அடைமொழியின் பயன் இதுவன்றோ! 2013ஆம் ஆண்டு அறிவிப்போடு இதனை ஒப்பிட்டுக் கொள்க.

மற்றோர் உறுப்பும் 5.42இல் மீட்கப்பட்டது: பெயர்த்தொகுதிகளைப் பிரிக்கும் பழைய ஒற்றை மேற்கோட்குறி. ஆங்கில எதிர்மறைச் சுருக்கத்தில் வரும் குறியும் இதுவே. சோதனை நூலகமொன்றில் 'அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலச் சுருக்கத்தை அப்படியே செயற்கூறின் பெயராக வைத்திருந்தனர். பெர்லோ அதனை ஒரு தொகுதிப் பெயரும் அதனுள் ஒற்றையெழுத்துப் பெயருமாகப் பகுத்து இயக்கிற்று. இயற்கை மொழியின் புணர்ச்சியும் நிரல்மொழியின் பகுப்பும் ஒரே குறியில் மோதாது வாழ்ந்தமைக்கு இதனினும் நல்ல சான்று அரிது.

ஸ்மார்ட்மேட்ச் குறித்த இறுதிக் குறிப்பைத் தமிழாக்குவோர்க்கு ஒன்று கூறவேண்டும். நீக்கம் காலவரையின்றித் தள்ளிவைக்கப்பட்டது என்பதை 'இனி நீக்கப்படமாட்டாது' என எழுதுதல் மூலத்தில் இல்லாத உறுதிமொழியைத் தருவதாகும். 'நீக்கும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை' என்றால் மூலத்தில் இல்லாத அச்சத்தை ஊட்டுவதாகும். சட்டமன்றச் செய்திகளில் நாம் நாள்தோறும் படிக்கும் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது' என்னும் தொடர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அவை மீண்டும் கூடுமா என்பதை அத்தொடர் சொல்வதில்லை; கூடாது என்றும் சொல்வதில்லை.