குடியாட்சியும் மனச்சான்றும்: கத்தோலிக்கக் கொள்கை பற்றியதோர் ஆய்வு

அரசாணைக்கு எல்லை உண்டோ என்னும் வினா மிகப் பழையது. பல்லவ வேந்தனின் ஆணைக்கு அடங்க மறுத்த திருநாவுக்கரசர் வரலாற்றை அறிந்த நமக்கு அது புதியதன்று. ஆயின், ஆணையிடுவோன் மன்னன் ஒருவனாகாது, மக்கட் பெரும்பான்மையே ஆகுமிடத்து என் செய்வது? இதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை கூறும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விடையின் சாரம் வருமாறு: அதிகாரம் கடவுளிடத்திருந்து வருவது, ஆயினும் எவ்வகை ஆட்சிமுறையும் தன்னளவில் விலக்கத்தக்கதன்று. இதனைப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1885ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலே தெளிவுறுத்தினார். சிறிய அமைப்புக்கள் தாமே ஆற்றவல்ல பணியைப் பேரமைப்புக் கவர்ந்துகொள்ளுதல் அநீதி என 11ஆம் பத்திநாதர் 1931இல் உரைத்தார். 12ஆம் பத்திநாதரோ, 1944ஆம் ஆண்டுக் கிறித்து பிறப்பு விழாச் செய்தியில், மக்கள் வேறு, திரள் வேறு எனப் பிரித்துக் காட்டினார். தாமே சிந்தித்துப் பொறுப்பேற்போர் மக்கள். பிறர் தூண்டிய வழியிற் செல்வது திரள். குடியாட்சி திரளின் ஆட்சியாகச் சிதையக்கூடும் என்னும் இவ்வெச்சரிக்கை, ஈழநாட்டு வரலாற்றைக் கற்போர் புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி, இக்கொள்கையின் குறையை நோக்குவாம். பாராளுமன்றச் சட்டத்துக்கு மேலாக இயற்கை நீதி ஒன்றுண்டு எனின், அதன் பொருளை உரைப்பவர் யாவர்? திருச்சபையே எனின், பாராளுமன்றத்தின்மேற் குருமார் மன்றம் ஒன்று அமைந்துவிடும். கத்தோலிக்க சமயமே அரசின் ஒரே சமயமாதல் இனி ஏற்றதன்று என்னும் கருத்தை 9ஆம் பத்திநாதரின் 1864ஆம் ஆண்டுப் பட்டியல் பிழையெனத் தள்ளியது. சிறுபான்மையாய் வாழும் நாட்டிற் சுதந்திரம் கேட்டு, பெரும்பான்மையாய் வாழும் நாட்டில் அதனைப் பிறர்க்கு மறுத்தல், கொள்வதற்கு ஒரு படியும் கொடுப்பதற்கு ஒரு படியும் வைத்து வாணிகஞ் செய்தலை ஒக்கும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கையே இக்குறையைக் களைந்தது. அவ்வுரிமை மனித மாண்பிலே வேரூன்றியது. ஆதலின் எச்சமயத்தார்க்கும் உரியது என அது நிலைநாட்டிற்று.

கொள்கைக்கு உரைகல் நிகழ்ச்சியே. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் இயற்றியபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளுட் புகுந்து அகல மறுத்தனர். பிள்ளையின் கல்வியில் அரசினும் பெற்றோர்க்கே முதலுரிமை என்பது அவர்தம் வாதம். வாதம் வலியுடையதே. எனினும், மிசன் பாடசாலைகளுக்கு மாற்றாக 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவிய ஆறுமுக நாவலரின் முயற்சிக்கும் அடிப்படை அவ்வுரிமையே அன்றோ? கத்தோலிக்கப் பாடசாலைகளிற் பயின்ற சைவ, முஸ்லிம் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் அஃது உரியதே. இதனை ஒப்பாதவரை, அவ்வாதம் தன்னலங் காக்கும் வாதமாகவே பிறர்க்குத் தோன்றும்.

மற்றோர் உரைகல் நம் ஓட்டமாவடியிலேயே உளது. கொரோனா நோயால் இறந்தோர் உடல்கள் யாவும் எரிக்கப்படல் வேண்டுமென 2020 ஏப்பிரலில் அரசு விதித்தது. உலக சுகாதார நிறுவனமோ அடக்கஞ் செய்தலை விலக்கவில்லை. சைவர்க்கு எரித்தல் மரபு. கத்தோலிக்கர்க்கும் 1963 முதல் அது அனுமதிக்கப்பட்டது. முஸ்லிம்களுக்கோ அது சமயத்தால் விலக்கப்பட்டதொன்று. முஸ்லிம்களும் கிறித்தவர் சிலரும் தொடுத்த மனுக்களை உயர்நீதிமன்றம் 2020 டிசெம்பர் 1ஆம் நாள் காரணங் கூறாது தள்ளிற்று. 2021 பெப்ரவரியில் விதி தளர்ந்தது. மார்ச்சு 5ஆம் நாள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிற்று. நாடெங்கணுமிருந்து கொணரப்பட்ட 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் ஆங்கு அடக்கப்பட்டன. 2024 யூலையில், பின்வந்த அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

தம் சமய விதி மீறப்படாதவிடத்தும் அயலார்க்காக நீதிமன்றம் ஏறிய அக்கிறித்தவரின் செயலே 1965ஆம் ஆண்டு அறிக்கைக்குத் தக்க உரையாகும். பெரும்பான்மையின் வாக்கு அரசை அமைக்கும். அவ்வரசு நேரியதோ என்பதைச் சிறுபான்மையின் மனச்சான்று பெறும் இடங்கொண்டே அளத்தல் வேண்டும். இவ்வளவுகோலைத் தமக்கும் பிறர்க்கும் ஒன்றாகவே கொள்ளுமளவும் கத்தோலிக்கக் கொள்கை எச்சமயத்தாரும் ஏற்கத்தக்கதாம். வேறாகக் கொள்ளின், அது தன் வலியைத் தானே இழக்கும்.