தேவாலயச் சாரணர் படை: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நம் ஊரில் சாரணர் என்றால் பள்ளிக்கூடத்துச் சமாசாரம். ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றிருப்பார்; ஏதாவது தவறு நடந்தால் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்க் கேட்கலாம். இதே நினைப்போடு அமெரிக்காவில் பிள்ளையை 'ட்ரூப்'பில் சேர்க்கப் போகிற தமிழ்ப் பெற்றோர், கூட்டம் நடப்பது ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் என்று அறிந்ததும் சற்றே தயங்குகிறார்கள். மதம் மாற்றிவிடுவார்களோ? நியாயமான சந்தேகம்தான். ஆனால் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியது, இந்த ட்ரூப் யாருடையது என்பது.

1910 பிப்ரவரி 8 அன்று சிகாகோ பதிப்பாளர் வில்லியம் பாய்ஸ் தொடங்கிய அமெரிக்கச் சாரணர் இயக்கம் ட்ரூப்களைத் தானே நடத்துவதில்லை. பாடத்திட்டம், சீருடை, பேட்ஜ், பயிற்சி ஆகியவற்றை அது தரும். ட்ரூப்பை வைத்திருப்பது உள்ளூர் நிறுவனம் ஒன்று: தேவாலயம், ரோட்டரி சங்கம், முன்னாள் படைவீரர் சங்கம் என்று எதுவாகவும் இருக்கலாம். நெடுங்காலமாக இவற்றில் பாதிக்கும் மேல் மத அமைப்புகளே. ஆண்டுதோறும் சாசன ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திடுவது அந்த நிறுவனம்தான். ஸ்கவுட் மாஸ்டராக யார் இருக்கலாம் என்று ஒப்புதல் தருவதும் அதுவே. பிள்ளைகள் வீடு வீடாகப் பாப்கார்ன் விற்ற பணத்தில் வாங்கிய கூடாரம்கூட அந்த நிறுவனத்தின் சொத்து. இதைப் பல பெற்றோர் ட்ரூப் கலைக்கப்படும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாடகையில்லாத கூடம், முகாம் சாமான்களை வைக்க ஓர் அறை, வாரம் தவறாமல் திறக்கிற கதவு ஆகியவை இல்லாமல் தன்னார்வ அமைப்பு எதுவும் பத்து ஆண்டு தாங்காது. பெற்றோர் மட்டுமே நடத்தும் குழு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் கரைந்துவிடும். தேவாலயத்தில் அடுத்த தலைமுறைப் பெரியவர்கள் தயாராக இருப்பார்கள். தன் மகன் இயக்கத்தின் உச்சப் படிநிலையான ஈகிள் ஸ்கவுட் ஆகி இருபது ஆண்டு கழிந்தபின்பும் அடுத்தவர் பிள்ளைக்கு முடிச்சுப் போடக் கற்றுத்தருகிற முதியவரைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட ட்ரூப்களில்தான் பார்க்கலாம். கத்தோலிக்கப் பங்குகளில் இன்னொரு நன்மையும் உண்டு. 2002க்குப் பிறகு மறைமாவட்டங்கள் சிறுவர் பாதுகாப்புக்கெனத் தனிப் பயிற்சி வைத்திருப்பதால், அங்கே தன்னார்வலர் இரண்டு சல்லடைகளைத் தாண்டி வர வேண்டும்.

இனி மதம். இயக்கத்தின் விதி தெளிவாக இருக்கிறது. தேவாலய ட்ரூப்பில் சேர்ந்த வேற்று மதப் பிள்ளையை அந்தத் தேவாலயத்துக்கே உரிய வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிப்ரவரியில் வரும் 'சாரணர் ஞாயிறு' அன்று சீருடையோடு ஆராதனைக்கு வரச்சொல்லி அழைப்பார்கள், போகாமல் இருக்கலாம். கடவுளுக்குச் செய்யும் கடமையைப் பற்றி ஒவ்வொரு படிநிலையிலும் பிள்ளை பேச வேண்டியிருக்கும். எந்தக் கடவுள் என்று இயக்கம் கேட்பதில்லை. இந்துப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சமயப் பதக்கம் உண்டு. ஆகவே முருகனைக் கும்பிடும் வீட்டுக்குப் பெரிய சங்கடம் இல்லை. சங்கடம் பெரியார் வழி வந்த வீட்டுக்குத்தான்! சேரும்போது கையெழுத்திடும் சமயக் கோட்பாட்டு அறிக்கை, கடவுளுக்குரிய கடமையை ஏற்காதவர் சிறந்த குடிமகனாக வளர முடியாது என்கிற தொனியில் பேசுகிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களைச் சேர்க்க மறுக்கும் உரிமை இயக்கத்துக்கு உண்டென்று 1998இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நடைமுறையில் பல ட்ரூப்கள் இதைத் துருவுவதில்லை. ஆனால் நேர்மையைப் போதிக்கிற இடத்தில் பொய்க் கையெழுத்தோடு நுழைவதா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

விதி ஒன்றாக இருந்தாலும் ட்ரூப்பை வைத்திருக்கும் நிறுவனம் மாறினால் ட்ரூப்பின் குணமும் மாறும். மார்மன் சபை 1913 முதல் தன் சிறுவர்களுக்கான செயல்பாடாகவே சாரணியத்தை ஏற்றிருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை முகாம் இருந்ததில்லை. 2019 முடிவில் அந்தச் சபை மொத்தமாக விலகியபோது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஓரினச்சேர்க்கையாளர்கள் தலைவர்களாக இருக்கலாம் என்று இயக்கம் 2015இல் முடிவெடுத்தபோதும், மத அமைப்புகள் தங்கள் நம்பிக்கைப்படி தலைவர்களைத் தேர்ந்துகொள்ள விலக்கு அளித்தது. உங்கள் வீட்டு நியாயத்துக்கு இது ஒத்துவருமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய வேறுபாடுகள். இயக்கத்தின் பெரிய காயம் வேறு. போர்ட்லாந்தில் 2010இல் நடந்த வழக்கில், மார்மன் சபை ட்ரூப் ஒன்றின் உதவி ஸ்கவுட் மாஸ்டர் 17 சிறுவர்களிடம் தகாத முறையில் நடந்ததாக 1983இலேயே சபைப் பொறுப்பாளரிடம் ஒப்புக்கொண்டதும், அதன் பின்பும் சிறுவர்களோடு பழகிவந்ததும் வெளிவந்தன. இயக்கம் 1.85 கோடி டாலர் தண்டத் தொகை தர வேண்டும் என்றது ஜூரி. அவ்வழக்கில் சாட்சியமான, 1965 முதல் 1985 வரையிலான இத்தகைய புகாருக்கு ஆளானவர்களைப் பற்றிய 1,200க்கும் மேற்பட்ட இரகசியக் கோப்புகள் 2012இல் ஆரிகன் உச்ச நீதிமன்ற ஆணைப்படி மக்கள் பார்வைக்கு வந்தன. 2020 பிப்ரவரியில் இயக்கம் திவால் மனு போட்டது. சிறுவயதில் பாதிக்கப்பட்டதாக 82,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். 246 கோடி டாலர் தீர்வுத் திட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மெதடிஸ்ட் சபையும் 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

மெதடிஸ்ட் சபை ஏன் பணம் தர வேண்டும்? அதன் தேவாலயங்கள் பல ட்ரூப்களின் உரிமையாளர் என்பதால்தான். பல தேவாலயங்கள் கூடத்தின் சாவியைக் கொடுத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்தன. சாசனத்தில் கையெழுத்திட்ட போதகருக்கு ஸ்கவுட் மாஸ்டரின் முகம்கூடத் தெரியாத இடங்கள் உண்டு. மதத்தைத் திணிக்கும் தேவாலயத்தைவிட, பெயரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத தேவாலயமே என் கணக்கில் ஆபத்தானது. திணிப்பு கண்ணுக்குத் தெரியும், பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும். கவனிப்பாரற்ற நிலை வெளியே தெரியாது.

இன்றைய விதிகள் கடுமையானவை. 21 வயது நிரம்பிய, பதிவுபெற்ற பெரியவர்கள் இருவர் எந்த நிகழ்ச்சியிலும் இருக்க வேண்டும். சிறுவனோடு பெரியவர் தனித்திருக்கக் கூடாது. கூடாரம் பகிரக் கூடாது. 2023 செப்டம்பரிலிருந்து முகாமில் இரவு தங்கும் எந்தப் பெரியவரும், தந்தையே ஆனாலும், பதிவுசெய்திருக்க வேண்டும். எந்த நிகழ்ச்சியையும் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்பதும் விதிதான். "இது பசங்க முகாம், நீங்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் விதியை மீறுகிறார்.

திவாலுக்குப் பிறகு இன்னொரு மாற்றமும் வந்தது. பல மெதடிஸ்ட் தேவாலயங்கள் இப்போது இடம் மட்டும் தருகின்றன. சாசனம் இயக்கத்தின் வட்டாரக் கவுன்சில் பெயரில் இருக்கிறது. வெளியே பலகை ஒன்றாக இருந்தாலும் உள்ளே பொறுப்பு வேறொருவருடையது. ஆகவே கட்டணம் கட்டுமுன் ஒரு நாள் தேவாலய அலுவலகத்துக்கே போய், இந்த ட்ரூப்புக்கு உங்கள் சார்பில் பொறுப்பாளர் யார், அவர் கடைசியாகக் கூட்டத்துக்கு எப்போது வந்தார் என்று கேளுங்கள். சட்டென்று ஒரு பெயர் வந்தால் தயங்காமல் சேருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அடுத்த ட்ரூப்பைத் தேடுங்கள்.