'படித்திருக்க வேண்டும்' – ஒரு வாக்கியத்தை வாசித்தல்

கல்லூரி விண்ணப்பத்தோடு வரும் விவரக்குறிப்பை யாரும் ஒரு பிரதியாக வைத்து விமர்சிப்பதில்லை. கதையையும் கவிதையையும் கட்டுடைக்கிற நம் ஆட்கள்கூட அதை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறோம். பி.எஸ்சி. இயற்பியலில் சேர மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேறியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வாக்கியம். இதில் சாதி எங்கே இருக்கிறது என்பார்கள். 69 சதவீதத்தில் உங்களுக்கு 18 இருக்கிறதே, இன்னும் என்னய்யா குறை என்பார்கள்.

'படித்து' என்ற சொல்லில்தான் இருக்கிறது. 1978ல் பிளஸ் டூ வந்ததிலிருந்தே பி.எஸ்சி.யின் கதவு கல்லூரி வாசலில் இல்லை. பதினொன்றாம் வகுப்புக்குக் குரூப் பிரிக்கிற மேசையில் இருக்கிறது. பிள்ளைக்கு வயது பதினைந்து. "ஃபர்ஸ்ட் குரூப்பெல்லாம் உனக்கு வராதும்மா, வேற எடுத்துக்கோ, பாஸாவது பண்ணுவே." அக்கறையாகத்தான் சொல்வார்கள். காலனியிலிருந்து போன அம்மாவும் "நீங்க பாத்து எது குடுத்தாலும் சரிங்க சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். பக்கத்துப் பள்ளியில் அந்தக் குரூப்பே இல்லையென்றால் இந்தப் பேச்சுக்கும் வேலையில்லை. இரண்டு வருடம் கழித்து அந்தப் பெண் பி.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கவே முடியாது. விண்ணப்பிக்காதவள் எந்தக் கணக்கிலும் மறுக்கப்பட்டவளாக வரமாட்டாள்.

விண்ணப்பிக்காத இன்னொருவரைச் சரித்திரம் அறியும். வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. 1951 உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. இருந்தும் வழக்கு கேட்கப்பட்டது, ஆணை செல்லாது என்றானது. அந்த ஆணையில் 14 இடங்களுக்கு 2தான் 'அரிசனங்களுக்கு'. அதைக் காப்பாற்ற அரசியல் சட்டத்தையே முதல்முறையாகத் திருத்த வேண்டி வந்தது. குரூப் மேசையில் திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு எந்தக் கோர்ட்டு?

எங்கள் திருப்புட்குழி கல்விக்குப் பேர்போன ஊர். இராமானுசர் இங்கேதான் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார், அவரோடு முரண்பட்டு வெளியேறினார் என்று குருபரம்பரைக் கதைகள் கொண்டாடுகின்றன. முரண்படுவதற்கும் முதலில் உள்ளே உட்கார இடம் வேண்டும். சேரியிலிருந்து யாரும் குருவோடு முரண்பட்டதாகக் கதையில்லை. (கழுகு சடாயுவுக்கு இராமனே ஈமக்கடன் செய்த தலம் இது என்றும் சொல்வார்கள். பறவைக்குக் கிடைத்தது.)

2024 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு விட்ட வரைவு, பிளஸ் டூவில் எதைப் படித்திருந்தாலும் எந்தப் பட்டத்துக்கும் வரலாம் என்றது, நுழைவுத் தேர்வில் தேறினால். நீட் பார்த்த நமக்கு அந்த 'தேறினால்' என்ன விலையென்று தெரியும். பூட்டை எடுத்து அடுத்த கதவில் மாட்டுகிறார்கள்.

மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். உத்திரமேரூர், காஞ்சிபுரம் பக்கம் எந்தெந்த மேல்நிலைப் பள்ளியில் என்னென்ன குரூப், ஒவ்வொன்றிலும் காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நேரில் போய் எழுதிக்கொண்டு வாருங்கள். பத்தாவது ரிசல்ட் வந்த வாரமே போய்விட வேண்டும். சேர்க்கை முடிந்த பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.