வேருக்கு ஒரே பொருளா?

ஒட்டகம் எழுந்து போகாதபடி அதன் முன்னங்காலை மடக்கிக் கட்டும் கயிற்றுக்கு அரபியில் இகால் என்று பெயர். அறிவுக்கு அக்ல். கொலையுண்டவனின் உறவினருக்குத் தரும் இழப்பீட்டையும் அக்ல் என்பார்கள். ஈடாக வந்த ஒட்டகங்களை அவர்கள் முற்றத்தில் கட்டியதால் வந்த பெயர் என்பது பழைய விளக்கம். புகலிடமான கோட்டை மஅகில். இன்றைய செய்தித்தாளில் தடுப்பு முகாம் முஅதகல். எல்லாவற்றிலும் ஐன், காஃப், லாம் என்ற மூன்று மெய்கள். இந்த வேருக்கு அடிப்படைப் பொருள் ஒன்றுதான், அது தடுத்து நிறுத்துதல் என்று எழுதினார் இப்னு ஃபாரிஸ். தகாத சொல்லிலிருந்தும் செயலிலிருந்தும் மனிதனைத் தடுப்பதால் அறிவு அக்ல் ஆயிற்று. சிதறிக் கிடந்த சொற்கள் இதைப் படித்ததும் ஒரே குடும்பமாகத் தெரிகின்றன.

இப்னு ஃபாரிஸ் ஈரானின் ரய் நகரில் 1004-இல் மறைந்தவர். அவருடைய ‘மகாயீஸுல் லுகா’ அகராதியை இருபதாம் நூற்றாண்டில் அப்துஸ்ஸலாம் ஹாரூன் ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். இப்னு ஃபாரிஸுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கலீல் இப்னு அஹ்மத் ‘கிதாபுல் ஐன்’ அகராதியில் வேரெழுத்துகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கிச் சொற்களைத் திரட்டியிருந்தார். ஒவ்வொரு வேரும் எந்தக் கருத்தின் மேல் நிற்கிறது என்று நூல் முழுவதும் விடாமல் கேட்டது இப்னு ஃபாரிஸின் சாதனை. அதைவிட நான் மதிப்பது அவருடைய நேர்மையை. ஜமல் ஒட்டகம், ஜமால் அழகு. இரண்டையும் முடிச்சுப் போட எவருக்கும் ஆசை வரும். அவரோ அந்த வேருக்கு இரண்டு அடிப்படைகள் என்று பிரிக்கிறார்: ஒன்று திரட்சியும் பேருருவும், மற்றது அழகு. ஒட்டகத்தை முதலாவதில் சேர்க்க இடமுண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆனால் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவில் தொழுகைதோறும் ஓதப்படும் ஸிராத் என்ற சொல்லில் அவர் முறை தடுமாறுகிறது. வழி என்று பொருள்படும் அச்சொல் விழுங்குதல் என்னும் வேரிலிருந்து வந்தது என்று அறிஞர் சிலர் சொல்வதை மறுக்காமல் எடுத்துச் சொல்கிறார்: விழுங்கிய கவளம் போல, போகிறவன் வழிக்குள் மறைந்துவிடுகிறானாம். அழகான கற்பனை. ஆனால் ரோமர்கள் கல் பாவிய சாலையைக் குறித்த ஸ்த்ராத்தா என்ற லத்தீன் சொல்லே கிரேக்கம், அரமேயம் வழியாக அரபிக்கு வந்தது என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. அரபு மரபும் இதை அறியாமல் இல்லை. ரூமியரின் மொழிச் சொல் என்ற கருத்தைச் சுயூத்தி தம் ‘இத்கான்’ நூலில் பதிவு செய்கிறார். வேறு பல சொற்களை அயற்சொல் என்று இப்னு ஃபாரிஸே ஒதுக்கியிருக்கிறார். என்றாலும், மூன்று மெய்களோடு வந்த இரவல் சொல் அரபு வேருக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது. மொழி இறைவன் கற்பித்தது என்று தம் ‘ஸாஹிபி’ நூலில் வாதிட்டவருக்குச் சொற்கள் நாடு கடந்து வந்த கதை முதன்மையாகப் படாததில் வியப்பில்லை.

இன்னொரு குறை, அடிப்படைப் பொருள்களின் அகலம். தடுத்தல், உயர்தல், திரளுதல் போன்ற கருத்துகளுக்குள் எதையும் அடக்கிவிடலாம்; தவறென்று காட்ட வழியே இருக்காது. அவர் காலத்தவரான இப்னு ஜின்னி இன்னும் ஒரு படி போய், காஃப், வாவ், லாம் எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்கினாலும் விரைவும் இலேசும் தொனிக்கும் என்றார். மொழி முழுவதற்கும் இது பொருந்தும் என்று தாம் சொல்லவில்லை என ஒப்புக்கொண்டது அவர் பெருமை.

இந்தத் தயக்கம் இன்றைய பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், பெரும்பாலும் இல்லை. அக்ல் என்ற சொல்லுக்கு ‘உண்மையான’ பொருள் கட்டுதல்தான் என்று சொல்லி, அதிலிருந்து ஒரு கோட்பாட்டையே எழுப்பிவிடுகிறார்கள். பேசுகிறவன் மனத்தில் ஒட்டகக் கயிறு இல்லாவிட்டால் அந்தப் பொருள் அவன் வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? எபிரேய விவிலிய ஆய்வில் இதே பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961-இல் வன்மையாகக் கண்டித்தார். ஒரே வேர்தான் எபிரேயத்தில் ரொட்டியையும் அரபியில் இறைச்சியையும் குறிக்கிறது; வேரை வைத்து இரண்டில் எது தட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

முன்னோர் செய்யாத ஒப்புமையை நாம் செய்யக் கூடாது என்று அதே ‘ஸாஹிபி’யில் எழுதியவர் இப்னு ஃபாரிஸ். இன்றைய வேர் விளக்கங்கள் பலவும் அவர் நூலை ஆதாரமாகக் காட்டிக்கொண்டே அந்த எல்லையைத் தாண்டுகின்றன.